முயல் செதுக்கிய நாய்

"ஏங்க, இதுக்குச் சோறே போடுறதில்லையா?" சிப்பிப்பாறை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. மூன்று நான்கு விலா எலும்புகள் எண்ணும்படி தெரிகின்றன. இடுப்பெலும்பின் இரண்டு முனைகளும் துருத்தி நிற்கின்றன. வயிறு உள்வாங்கிக் கிடக்கிறது. கேட்பவர் இரக்கத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்த இரக்கத்துக்குக் காது கொடுத்து நாயைக் கொழுக்க வைத்தால், அதற்குப் பெரிய கெடுதல் செய்தவர்களாவோம். நலமாக இருக்கிற பார்வை வேட்டைநாயின் உடம்பு அப்படித்தான் இருக்கும். மோப்பத்தை நம்பாமல், கண்ணில் பட்டதை ஓடிப் பிடிக்கும் நாய்களுக்குத்தான் இந்தப் பெயர். இங்கிலாந்தின் கிரேஹவுண்டு, அரபு நாடுகளின் சலூக்கி, கர்நாடகத்தின் முதோள், நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் அழகும் குணமும் நோயும் துரத்துவது என்ற ஒரே வேலையிலிருந்து பிறந்தவை. அந்த வேலை தெரியாதவர்கள் இந்த நாயைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். சில சமயம் தவறாக வைத்தியமும் பார்த்துவிடுகிறார்கள்.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரே நாய்க்கும் நிலைத்துவிட்டது. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காடுதான் இதன் சொந்த மண். கம்பும் சோளமும் பருத்தியும் எடுத்து முடிந்ததும் அந்த நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளியாகிவிடும். நம் நாட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. தரையில் சிறு பள்ளத்தில் உடம்பை அழுத்திப் படுத்திருக்கும். ஆபத்து நெருங்கினால் காலை நம்பி ஓடும். துரத்துகிறவனுக்கும் அங்கே காலை விட்டால் கதியில்லை. புதருக்குள் மோந்து மோந்து தேடும் நாயால் கரிசலில் பயனில்லை. கண்ட நொடியில் பாய்ந்து, ஓரிரு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். இன்று அந்த வெளிகளில் பலவற்றைச் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. முன்பு அங்கே என்ன மாதிரியான ஓட்டம் நடந்திருக்கும் என்று கற்பனை செய்வதே கடினமாகிவிட்டது.

தோள் உயரம் ஏறத்தாழ 2 அடி, எடை 20 கிலோவுக்கு முன்பின், தோலோடு படிந்த குட்டை மயிர், நீண்டு குறுகிய முகம், ஓடும்போது கழுத்தோடு மடிந்துகொள்ளும் காது, மெலிந்து நீண்ட வால். நிறத்தில் செவலை, சாம்பல், கருப்பு, மயிலை எல்லாம் உண்டு. கன்னியும் இதே கட்டு. கருப்பு உடம்பில் புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் கால்களிலும் செம்பழுப்பு இருந்தால் கன்னி. வெளிர் நிறமென்றால் பால்கன்னி. இரண்டும் ஒரே இனத்தின் நிறவேறுபாடுகள் என்பாரும் உண்டு. தனித்தனி இனம் என்று சண்டைக்கு வருவோரும் உண்டு. ராஜபாளையமும் கோம்பையும் வேறு. அவை பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த கனத்த நாய்கள். முன்னது வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது, பின்னது தேனி மாவட்டத்துச் செம்பழுப்பு நாய். நான்கையும் ஒரே மூட்டையில் கட்டி 'நாட்டு நாய்' என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. வேலை வேறானால் உடம்பும் வேறு, கவனிப்பும் வேறு.

இந்த ஒல்லி நாய் எங்கிருந்து வந்தது? அரபு வணிகர்கள் குதிரைகளோடு சலூக்கியையும் கொண்டுவந்தார்கள், அதன் வாரிசுதான் சிப்பிப்பாறை என்று பலர் எழுதுகிறார்கள். குதிரை வந்தது உண்மை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் துறைமுகமான காயலில் அரபுக் குதிரைகளும் பாரசீகக் குதிரைகளும் கப்பல் கப்பலாக வந்திறங்கியதை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் எழுதிவைத்திருக்கிறார்கள். காயலுக்கும் கரிசலுக்கும் தொலைவும் அதிகமில்லை. குதிரை ஏறிய கப்பலில் நாயும் ஏறியிருக்கலாம்தான். ஆனால் 'இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, ஆகவே சொந்தக்காரர்கள்' என்ற வாதம் இந்த நாய்களின் விஷயத்தில் நிற்காது. 2017-இல் 161 இனங்களைச் சேர்ந்த 1,346 நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் கிரேஹவுண்டு சலூக்கிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. ஆடு மேய்க்கும் கோலி போன்ற பிரிட்டிஷ் நாய்களின் கூட்டத்தில் நின்றது. சலூக்கியும் ஆப்கன் ஹவுண்டும் மத்தியதரைக்கடல் பக்கத்துப் பெரிய மந்தைக்காவல் நாய்களின் கூட்டத்தில் இருந்தன. நீண்ட காலும் ஆழ்ந்த மார்பும் குறுகிய முகமும் ஒரே மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் பங்கு பிரிந்து வந்த சொத்து அல்ல. வெட்டவெளியும் வேகமாக ஓடும் இரையும் இருந்த இடங்களில் மனிதர்கள் தங்கள் கையிலிருந்த நாய்களிலிருந்தே திரும்பத் திரும்ப இந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சிப்பிப்பாறையின் வடிவத்துக்கும் வெளிநாட்டு அப்பா ஒருவர் கட்டாயம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. முயலும் கரிசலும் நல்ல கண்ணுள்ள வேட்டைக்காரர்களும் போதும்.

நாயை மதித்த மரபு இங்கே பழையது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாண்ட வீரன் கருந்தேவக்கத்தி. பக்கத்தில் அவனுடைய நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயரை 1,300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கல் காப்பாற்றி வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கோவிவன் என்ன இனம் என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முயல்வது வீண்வேலை. இன்று நாம் சொல்லும் பொருளில் நாய் 'இனங்கள்' வரையறுக்கப்பட்டதே 19-ஆம் நூற்றாண்டில்தான்.

இனி அந்த ஓட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முயல் கிளம்புகிறது. நாயின் பின்னங்கால்கள் இரண்டும் தரையை உதைக்கின்றன. உடம்பு முழு நீளத்துக்கும் நீண்டு காற்றில் போகிறது. நான்கு கால்களும் அந்தரத்தில். முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட்டுத் தள்ள, முதுகு வில்லாக வளைந்து, பின்னங்கால்கள் முன்னங்கால்களையும் தாண்டி முன்னே வந்துவிடுகின்றன. உடம்பு சுருண்ட அந்த நிலையில் மறுபடியும் நான்கு கால்களும் அந்தரத்தில். பிறகு பின்னங்கால் இறங்குகிறது, முதுகு விரிகிறது, அடுத்த பாய்ச்சல். ஒரு பாய்ச்சலுக்குள் இரண்டு முறை பறத்தல். நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரைக்கு ஒரு பறத்தல்தான். சிவிங்கிப்புலிக்கு இதைப்போல இரண்டு. நன்றாக அளந்து பார்த்த இனமான கிரேஹவுண்டு இப்படி நொடிக்கு மூன்றுக்கும் மேற்பட்ட பாய்ச்சல்களில் மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. முதுகு சுருங்கி விரிவதோடு மூச்சும் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு.

சிப்பிப்பாறையின் தோளில் கையை வைத்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். மேலே தசை. முழங்கைக்குக் கீழே வந்ததும் தசை தீர்ந்துபோய் எலும்பும் தசைநாண்களும் மட்டுமே விரலில் தட்டுப்படும். பின்னங்காலிலும் அதேதான்: தொடையில் குவிந்த தசை, கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. முன்னும் பின்னும் வீசப்படும் காலின் நுனி கனமாக இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் அதிக ஆற்றல் செலவாகும். ஆகவே எந்திரம் முழுவதும் மேலே, மூட்டுக்குப் பக்கத்தில். தோள்பட்டை எலும்பை மார்போடு பிணைக்கும் உறுதியான காறையெலும்பு நாய்க்குக் கிடையாது. தசையில் தொங்கும் அந்தத் தோள்பட்டை முன்னும் பின்னும் வழுக்கி நகர்ந்து காலின் எட்டத்தைக் கூட்டுகிறது. உள்ளிழுக்க முடியாத நகங்கள் மண்ணைக் கவ்வுகின்றன. 2005-இல் இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கிரேஹவுண்டு வளைவில் ஓடும்போது வேகம் குறைவதில்லை என்று காட்டினார்கள். ஓட்டப்பந்தய மனிதர்கள் வளைவில் வேகம் இழக்கிறார்கள். இந்த நாய்க்கு உந்துவிசை இடுப்பிலிருந்தும் முதுகிலிருந்தும் வருகிறது, எடை தாங்குவது மட்டுமே காலின் பொறுப்பு என்பது அவர்கள் தந்த விளக்கம். ஓடும் முயல் சட்டென்று வெட்டித் திரும்பும் என்பதை நினைத்துக்கொண்டால், இதன் அருமை விளங்கும்.

தொடைத்தசை இழைகளில் ஏறத்தாழ அனைத்துமே வேகமாகச் சுருங்கும் வகை. நெடுந்தூரம் தாங்காது, நிமிடக் கணக்கில் மட்டும் வெடித்து வேலை செய்யும். அந்தச் சில நிமிடங்களுக்குப் பிராணவாயுவைக் கொண்டுசேர்க்க இதயம் பெரிதாகியிருக்கிறது: கிரேஹவுண்டில் உடல் எடையில் 1.2 சதவீதத்துக்கு மேல். மற்ற நாய்களில் பெரும்பாலும் 0.8 சதவீதத்துக்குள். ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டுகிறது. வேகத்துக்காக மனிதன் தேர்ந்தெடுக்கும்போது மரபணு அளவில் என்ன நடக்கிறது என்பதையும் ஓர் இனத்தில் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள். விப்பெட் என்ற சிறு ஓட்டநாயில், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் மரபணுவில் ஒரு குறை இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் நாய் வேகமாக ஓடுகிறது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பயில்வான் உடம்போடு, ஓட்டத்துக்கு ஆகாத நாய் பிறக்கிறது. இந்த உண்மை 2007-இல் வெளிவந்தது. வேகமான நாயையும் வேகமான நாயையும் சேர்த்தால் இன்னும் வேகம் கிடைக்கும் என்ற கணக்கு எப்போதும் பலிப்பதில்லை.

கண்ணின் கதை இதற்குக் குறைந்ததல்ல. விழித்திரையில் நரம்புச் செல்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது நாயின் முக நீளத்தோடு தொடர்புடையது என்று 2004-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். முகம் தட்டையான நாய்களில் அந்தச் செல்கள் நடுவில் ஓரிடத்தில் குவிகின்றன. முகம் நீண்ட நாய்களில் இடமிருந்து வலமாக ஒரு பட்டையாக நீள்கின்றன. அடிவானம் முழுவதையும் தலையைத் திருப்பாமல் ஒரே நேரத்தில் கூர்ந்து பார்க்கும் அமைப்பு அது. நிறம் நமக்குத் தெரியும் அளவுக்குத் தெரியாது, அசைவு தெரியும். அசையாமல் உட்கார்ந்துவிட்ட முயலை நாய் தவறவிட்டுத் தடுமாறுவதும், எங்கோ காற்றில் உருளும் நெகிழிப் பையைப் பார்த்துத் துள்ளி எழுவதும் ஒரே கண்ணின் வேலை. 1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் இயந்திர முயலை ஓடவிட்டுக் கிரேஹவுண்டுப் பந்தயத்தைத் தொடங்கினார். வாசனையே இல்லாத அந்தப் பொம்மையின் பின்னால் நாய்கள் உயிரைக் கொடுத்து ஓடின. பந்தயம் பெருந்தொழிலானபோது நாய்கள் எலும்பு முறிந்து கழிக்கப்பட்ட வரலாறும் அதன் தொடர்ச்சிதான். சூதாட்டத்துக்காக இந்த ஓட்டத்தைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

குணத்துக்கு வருவோம். சிப்பிப்பாறை அதிகம் குரைக்காது. அந்நியரிடம் ஒட்டாது, கடிக்க வராது, விலகி நிற்கும். வீட்டில் ஒருவரையோ இருவரையோ தன் ஆளாக வைத்துக்கொள்ளும். ஓடாத நேரமெல்லாம் தூங்கும். இது பொதுச்சித்திரம். 2022-இல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்து நடத்திய ஆய்வில், ஒரு தனி நாயின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே அதன் இனத்தால் விளக்க முடிந்தது. 'இந்த இனம் இப்படித்தான்' என்று அடித்துச் சொல்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வளர்ந்த வீடும், குட்டிப் பருவத்தில் பார்த்த மனிதர்களும் சேர்ந்துதான் நாயை ஆக்குகின்றன.

துரத்தும் உந்துதல் மட்டும் இந்தப் பொதுவிதிக்குள் எளிதில் அடங்குவதில்லை. உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்று ஓநாயிடம் சங்கிலியாக இருந்த வேட்டைச் செயல்களில் எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்று மனிதன் தேர்ந்தெடுத்ததில்தான் வேலைநாய்கள் பிரிந்தன. ஆடு மேய்க்கும் நாயிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் வளர்ந்து, கவ்வுவது அடங்கியது. சிப்பிப்பாறையிடம் துரத்துவது வளர்ந்தது. பூனை ஓடினால் துரத்தும். கோழி பறந்தடித்தால் துரத்தும். நேற்றுவரை மடியில் தலைவைத்துக் கிடந்த நாய் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டால் 'வெறி பிடித்துவிட்டது' என்கிறார்கள். அது கோபமே அல்ல. 1962-இல் பூனைகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியை மின்னூட்டித் தூண்டிப் பார்த்தபோது, பக்கவாட்டில் தூண்டினால் சத்தமில்லாத வேட்டைப் பாய்ச்சலும், உட்பக்கம் தூண்டினால் சீறிப் பாயும் சண்டையும் வந்தன. இரண்டுக்கும் பாதை வேறு. கோழியைப் பிடித்த நாய் குழந்தையையும் கடிக்கும் என்று சொல்வதற்கு இதில் இடமில்லை. அடிப்பதால் துரத்தல் நிற்கப்போவதும் இல்லை. கயிறு, சுற்றுச்சுவர், வேலி இவைதான் வழி. ஓட்டம் தொடங்கிவிட்டால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் என்று நம்பிச் சாலையோரம் கயிற்றை அவிழ்ப்பவர் நாயை லாரிக்குக் கொடுக்கிறார்.

முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் குற்றமாகிவிட்டது. குற்றமாகவே இருக்க வேண்டும். காட்டில் மிஞ்சியிருக்கும் முயலுக்கு அந்தப் பாதுகாப்பு தேவை. நாயின் உடம்புக்கோ சட்டம் தெரியாது. வேலியடைத்த மைதானத்தில் காலையில் அரைமணி நேரம் அவிழ்த்துவிட்டு ஓட விட்டாலே அது நாள் முழுக்க அமைதியாகக் கிடக்கும். அதற்கு வழியில்லாத ஒற்றை அறை வீட்டில் இந்த நாயை வைத்திருப்பது நியாயமில்லை.

ஓட விடும்போது வெயிலைக் கவனிக்க வேண்டும். ஓடும் தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் சூடாகவே வெளியேறுகிறது. வேகமாக ஓடி நின்ற கிரேஹவுண்டின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். வியர்வை பாதத்தில் மட்டும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் குளிர்விக்கும் வழி. கரிசலின் உலர்ந்த காற்றில் நாக்கின் ஈரம் விரைவாக ஆவியாகும். சென்னையின் புழுக்கத்தில் ஆகாது. கோவில்பட்டியில் தாக்குப்பிடித்த நாய் கடற்கரை நகரத்தில் அதே ஓட்டத்துக்குச் சுருண்டு விழலாம். அப்படி விழுந்தால் முதலில் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படவைத்து, அதற்குப் பிறகு வண்டியில் ஏற்ற வேண்டும். சூட்டோடு வண்டிக்குள் கிடக்கும் நேரம்தான் நாயைக் கொல்கிறது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பற்றித்தான். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் நாய்களை அடிக்கடி தாக்குகிறது. பழுப்பு நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகள் உள்ளே போகின்றன. எர்லிக்கியா தட்டணுக்களைக் குறைக்கும், பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே மருத்துவர் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களையும்தான். இங்கேதான் சிக்கல். ஆய்வுக்கூடச் சீட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' பொதுவான நாய்களுக்கானது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு பொதுவாக 37 முதல் 55 சதவீதம். கிரேஹவுண்டில் 50 முதல் 65. அப்படிப்பட்ட நாய்க்கு 40 வந்தால் சீட்டு 'இயல்பு' என்கிறது. உண்மையில் அதற்கு இரத்தசோகை இருக்கக்கூடும். தட்டணுவில் இதற்கு நேர்மாறு. நலமான கிரேஹவுண்டுக்கே மைக்ரோலிட்டருக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் போகலாம். சீட்டில் அது 'குறைவு' என்று வந்து, இல்லாத உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து ஏறும். தைராய்டு சுரப்பும் பல பார்வை வேட்டைநாய்களில் இயல்பிலேயே குறைவு. தசை அதிகமென்பதால் கிரியேட்டினின் சற்றுக் கூடுதல். பெரிய இதயத்தில் மெல்லிய முணுமுணுப்பு கேட்கும். இவற்றை மட்டும் பார்த்தால் தைராய்டு நோய், சிறுநீரக நோய், இதய நோய் மூன்றும் இருப்பதாகப் படும். சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்ப்பவர் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. நாய் நன்றாக ஓடி ஆடி இருக்கும்போதே ஒருமுறை இரத்தம் எடுத்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காய்ச்சல் வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மயக்க மருந்திலும் எச்சரிக்கை தேவை. தயோபென்டால் போன்ற மருந்துகள் கொடுத்தால் கிரேஹவுண்டு மணிக்கணக்கில் எழாமல் கிடக்கும் என்பது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் மருந்து ஒதுங்க இடமில்லை என்பது பழைய விளக்கம். அது பாதிதான். இத்தகைய மருந்துகளைக் கல்லீரலில் உடைக்கும் சி.ஒய்.பி. 2பி11 என்ற நொதி குறைவாக உருவாகும்படியான மரபணு மாற்றம் இருப்பதை 2020-இல் கண்டுபிடித்தார்கள். வேறு சில பார்வை வேட்டைநாய் இனங்களிலும் அது காணப்பட்டது. கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும்போது, 'இது ஓட்டநாய்' என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நாயின் உரிமையாளரின் வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மார்பு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போகும். தோல் மெல்லியது, முள்கம்பியில் உரசினாலே கிழியும். எலும்புக்கும் தரைக்கும் நடுவில் கொழுப்பு மெத்தை இல்லாததால், டைல்ஸ் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் தோல் தடித்து நீர்க்கட்டி வரும். மடித்த கம்பளி ஒன்று போதும்.

தீனியில் ஒரு நல்ல செய்தி. கரிசல் வீடுகளில் இந்த நாய் கம்பங்கூழிலும் சோளச்சோற்றிலும் மோரிலும்தான் பெரும்பாலும் வளர்ந்தது. 'நாய் மாமிச உண்ணி, தானியம் ஆகாது' என்று இப்போது பயமுறுத்துகிறார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய அமிலேசுக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள். நாய்களிடம் 4 முதல் 30 வரை. 2013-இல் வெளியான ஆய்வின் முடிவு இது. மனிதனோடு சேர்ந்து விவசாயத்துக்குள் வந்தபோது நாயின் குடலும் மாறிக்கொண்டது. கூழோடு முட்டையோ இறைச்சியோ சேர்ந்தால் தசைக்கு வேண்டியதும் கிடைத்துவிடும்.

2005-இல் அஞ்சல்துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகள் நான்கில் ராஜபாளையமும் முதோளும் இடம்பெற்றன. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் முறைப்படி பதிவு செய்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கிராக்கி கூடும்போது கையிலிருக்கும் நாலைந்து நாய்களுக்குள்ளேயே சேர்த்துக் குட்டி எடுப்பதும் கூடுகிறது. அண்ணன் தங்கை நாய்களைச் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் எந்த ஒரு மரபணுவிலும் ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரட்டையாக வந்து சேர நாலில் ஒரு வாய்ப்பு. மறைந்திருந்த குறைகள் அப்படித்தான் வெளியே வருகின்றன. முன்பு கரிசலில் நன்றாக ஓடிய நாயைத் தேடி, அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் பெட்டையைக் கூட்டிப் போவார்கள். இதயம் குறைந்ததும் எலும்பு நொய்ந்ததும் முயலிடம் தோற்றுப்போகும். அதற்குக் குட்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள். அந்தச் சல்லடை இப்போது இல்லை. காணொளியில் பார்க்க அழகாக இருப்பதே தகுதியாகிவிட்டது.

அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையத்திடமே பாடம் இருக்கிறது. அப்பழுக்கில்லாத வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதற்கு மதிப்பு. உடம்பில் நிறமிச் செல்களைக் குறைக்கும் மரபணுக்கள் தோலோடு நிற்பதில்லை. உள்காதின் நத்தைச்சுருளிலும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களுக்கு வேண்டிய உப்புச்சூழலை அங்கே பேணுகிறவை அவைதான். அவை இல்லாவிட்டால் பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் அந்த நுண்மயிர்ச் செல்கள் அழிந்து காது நிரந்தரமாக அடைத்துவிடும். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், சொல்லித்தான் விற்கமாட்டார்கள். குட்டி கைமாறுவது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் என்பதால், குறை அதற்குள் உறுதியாகியிருக்கும். தூங்கும் குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தால் இரண்டு காதும் கேளாததைக் கண்டுபிடிக்கலாம், அதுவும் தட்டும் காற்றோ தரையின் அதிர்வோ படாமல் பார்த்துக்கொண்டால். ஒரு காது மட்டும் கேளாத குட்டி கூப்பிட்டால் வரும், விளையாடும், வளரும். யாருக்கும் தெரியாமல் அதே குறையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். அதைப் பிடிக்க, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின்துலங்கலை அளக்கும் சோதனை ஒன்றுதான் வழி. குட்டி எடுக்கப் போகும் வெள்ளை நாய் ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்தாக வேண்டும்.